மே மாதத்து மாவு: பிளஸ் டூ முடித்த பிள்ளையின் மனம் எப்படி இயங்குகிறது?

மார்கழியில் ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்து வைத்த இட்லி மாவு, விடிந்த பிறகும் சோம்பிக் கிடக்கும். கத்திரி வெயிலில் அப்படி இல்லை. அதே அரிசி, அதே உளுந்து, அதே குண்டான்தான். ஐந்தாறு மணி நேரத்தில் மூடியைத் தூக்கிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும். மாவில் யாரும் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. சூடு மட்டும்தான் கூடியிருக்கிறது.

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்குள் வருகிற அந்த இரண்டு மூன்று மாதத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகளின் மனதில் நடப்பதும் இதுவேதான். இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் இருந்த ஒருவர்மீது பிப்ரவரி வரைக்கும் லேசான ஒரு பிரியம் இருந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் பார்த்தால் சோறு இறங்காது, தூக்கம் வராது, எந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த முகம்தான். பிள்ளைக்கே ஒன்றும் புரிவதில்லை. வீட்டிலும், "லீவு விட்டாச்சு, சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே, ஏன் இப்படி உம்முன்னு இருக்கே?" என்பதைத் தாண்டி யாருக்கும் கேட்கத் தெரிவதில்லை.

அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு படியாகத் திறந்து பார்ப்போம். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. அடுக்களையில் இருக்கும் அந்த மாவுக் குண்டானை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில், பொங்க வைப்பது எது? ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கிப் போட வேண்டும். இட்லி மாவுக்கு எதையும் வாங்கிப் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், தண்ணீரும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் வேலையைத் தொடங்குகின்றன. அவற்றில் முக்கியமானதன் பெயர் லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் அமிலத்தையும் வெளிவிடுகிறது. வாயு மாவை எழுப்புகிறது, அமிலம் புளிப்பைக் கொடுக்கிறது.

மனிதர்களிலும் அந்தப் பொங்கும் தன்மை தானியத்தோடு கூடவே வந்தது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. ஒரு வயதில் அது பக்கத்திலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சைகை அனுப்பத் தொடங்குகிறது. உடனே பிட்யூட்டரி, ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் இது ஆரம்பித்துவிடும். ஆக, பதினேழு வயதில் அது வந்து சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். "இந்த போன்தான் கெடுத்துச்சு", "அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் இப்படி ஆயிட்டான்" என்று வீட்டில் சொல்வார்கள். போனும் சினிமாவும் ஆசைக்கு ஓர் உருவம் கொடுக்கலாம், பேச வசனம் கொடுக்கலாம். ஆசையை அவை கொண்டுவந்து போடவில்லை.

அடுத்தது ஊறவைத்தல். அரிசியும் உளுந்தும் தண்ணீரில் மணிக்கணக்காகச் சும்மா கிடக்கின்றன. பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். இந்தப் படியை விட்டுவிட்டால் கிரைண்டரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாவு கூடி வராது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற இரண்டு வருஷமும் ஊறல்தான். காலையில் பஸ், பிறகு பிரேயர், லேப், மதியம் டிபன் பாக்ஸ், சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். ஒரே முகத்தை ஒரு நாளில் நாலு இடத்தில் பார்த்தாகிறது. பேசக்கூட வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாலே பிடிப்பு வந்துவிடும் என்பதை 1992-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வகுப்பறையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பெண்களை ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் அந்த வகுப்புப் பக்கமே வரவில்லை. மற்ற மூவரில் ஒருவர் 5 முறை, இன்னொருவர் 10 முறை, மூன்றாமவர் 15 முறை வந்து, மாணவர்களோடு பழகாமல், உட்கார்ந்து எழுந்து போனார்கள். பாடம் முடிந்த பிறகு நால்வரின் படத்தையும் மாணவர்களிடம் காட்டிக் கேட்டார்கள். அதிகம் வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. வெறும் 15 வகுப்பு. நம் பிள்ளைகளோ இரண்டு கல்வியாண்டு ஊறியிருக்கிறார்கள்.

அப்புறம் கரைத்தல். உளுந்தைத் தனியாக, அரிசியைத் தனியாக அரைத்து எடுத்து, இரண்டையும் ஒரே குண்டானில் கொட்டிக் கையால் கலக்குகிறோம். கலக்கிய பிறகு இது அரிசி, இது உளுந்து என்று யாராலும் பிரிக்க முடியாது. இந்தப் படியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தப் பிள்ளையின் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரிவிஷன் டெஸ்ட், பிராக்டிகல், ஹால் டிக்கெட், பொதுத் தேர்வு. நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை, வயிற்றில் பிசைவு. பயத்தில் வரும் படபடப்புக்கும் பிரியத்தில் வரும் படபடப்புக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. படபடப்பு வந்துவிட்டால், எதனால் வந்தது என்ற காரணத்தை மூளை சுற்றுமுற்றும் தேடி ஒட்டிவிடும். இதையும் சோதித்திருக்கிறார்கள். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற இருவர், கனடாவின் வான்கூவர் அருகே கபிலானோ ஆற்றின் மேலுள்ள ஆடும் தொங்குபாலத்தில் ஓர் இளம்பெண்ணை நிறுத்தினார்கள். பாலத்தைக் கடக்கும் ஆண்களிடம் அவர் சில கேள்விகள் கேட்டுவிட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். தாழ்வான, ஆடாத இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் அவரைச் சந்தித்தவர்களே அதிகமாகப் பின்னால் போன் செய்தார்கள். பாலம் கொடுத்த படபடப்பில் ஒரு பங்கு அந்தப் பெண்ணின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நம் ஊரில் அந்தப் பாலம் பொதுத் தேர்வு. கெமிஸ்ட்ரி பரீட்சை முடிந்து வெளியே வரும்போது வேப்ப மரத்தடியில் நின்று, "அந்த ஃபைவ் மார்க் எழுதினியா?" என்று கேட்ட ஒருவர், அந்தப் படபடப்போடு சேர்ந்தே மனதில் பதிகிறார். அதற்கு மேல் ஃபேர்வெல் நாள் வருகிறது. முதல்முறையாகப் புடவை கட்டி வந்த பெண்கள், அண்ணனின் சட்டையைப் போட்டு வந்த பையன்கள், சீருடையில் பேனாவால் எழுதப்பட்ட பெயர்கள். இனி இந்த மணி தனக்காக அடிக்காது என்ற எண்ணம். எல்லாம் ஒரே குண்டானில் விழுகின்றன. கலந்த பிறகு பிள்ளை அதற்கு வைக்கிற பெயர் ஒன்றே ஒன்று: அந்த ஒருவரின் பெயர். உண்மையில் அதற்குள் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட கூட்டம் இருக்கிறது, முடிந்துபோன குழந்தைப் பருவம் இருக்கிறது. அவளுக்காக அழுகிறேன் என்று அவன் நினைக்கிறான். அந்த அழுகையில் பாதி பன்னிரண்டாம் வகுப்புக்கு உரியது.

இப்படிச் சொல்வதால் அந்தப் பிரியம் பொய் என்று ஆகிவிடாது. உளுந்து கலந்திருப்பதால் மாவில் அரிசி இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும், அவ்வளவுதான்.

இப்போது சூட்டுக்கு வருவோம். தேர்வு முடியும் வரைக்கும் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வேலை இருந்தது. கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் அத்தனையும் காலி. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதத்தில்தான் வரும். நீட் எழுதுகிறவர்களுக்கு அதுவும் மே மாதம், அதற்குப் பிறகு அதன் ரிசல்ட். இன்ஜினியரிங் என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்ஆஃப் போட்டுப் பார்த்துவிட்டு, ரேங்க் லிஸ்டுக்கும் கவுன்சலிங்குக்கும் காத்திருக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் கல்லூரி, எந்த விடுதி என்று ஒன்றும் தெரியாது. தினமும் பார்த்த முகமும் ஒரே நாளில் கண்ணை விட்டுப் போய்விட்டது. வேலை இல்லை, முடிவு தெரியவில்லை, ஆளைப் பார்க்க முடியவில்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் சூடு.

சூடு ஏன் பொங்க வைக்கிறது? மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் இருக்கிறது. அதை மகிழ்ச்சியின் ரசாயனம் என்று பலர் சொல்வார்கள். இன்பம் கிடைத்தபோது சுரப்பது என்பதைவிட, இன்பம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் சுரப்பது என்று புரிந்துகொண்டால் உண்மைக்குக் கிட்டத்தில் இருப்போம். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் இதைக் குரங்குகளிடம் ஆராய்ந்தார். ஓர் அடையாளத்தைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுப்பார். பழகிய பிறகு டோபமைன் செல்கள் சாற்றுக்குத் துடிப்பதை நிறுத்திவிட்டு, அந்த அடையாளத்துக்கே துடிக்க ஆரம்பித்தன. 2003-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். சாறு நிச்சயம் வரும் என்றாலும் நிச்சயம் வராது என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்கள் அடங்கியிருந்தன. வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் அந்தத் துடிப்பு மிக அதிகமாக ஏறிக்கொண்டே போனது.

இதை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு மொட்டை மாடிக்குப் போவோம். சிமெண்ட் தரை இன்னும் சூடாக இருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பாய் விரித்திருக்கிறார்கள். தம்பி தூங்கிவிட்டான். பையன் போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வாட்ஸ்அப்பைத் திறக்கிறான். "சாப்டியா?" என்று ஒன்பது மணிக்கு அனுப்பியது இரண்டு நீல டிக்கோடு நிற்கிறது. பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வருகிறது. பிறகு 'டைப்பிங்' என்று வருகிறது. எழுந்து உட்காருகிறான். அது மறைந்து மறுபடி 'ஆன்லைன்'. திரும்ப 'டைப்பிங்'. அப்புறம் எல்லாமே போய் 'லாஸ்ட் சீன்' என்று நேரம் மட்டும் நிற்கிறது. பதில் இல்லை. அவள் என்ன எழுதி அழித்தாள் என்று இரண்டு மணி வரை யோசித்துக்கொண்டிருப்பான். "ம்" என்று ஓர் எழுத்து வந்திருந்தால் தூங்கியிருப்பான். "இனிமே மெசேஜ் பண்ணாதே" என்று வந்திருந்தால் அழுதுவிட்டாவது தூங்கியிருப்பான். இரண்டும் இல்லாத அந்த இடைவெளியில்தான் குண்டான் பொங்குகிறது.

அந்த வயதில் இரவு வேறு நீளம். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடப் பதின்வயதினருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே சுரக்கிறது. பள்ளிக்கூடம் இருந்தவரை காலை பஸ் அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. கோடையில் பிடிக்க ஆளில்லை. மாவு ராத்திரியில்தானே புளிக்கும்.

இந்தப் பொங்கலுக்கு வலு எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. மேலே சொன்ன ஆர்தர் ஏரன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் ஆகியோர் 2005-இல் வெளியிட்டது. தீவிரமாகக் காதலித்துக்கொண்டிருந்த 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, காதலிப்பவரின் படத்தைக் காட்டினார்கள். நடுமூளையில் டோபமைன் கிளம்பும் இடம் வேலை செய்வது தெரிந்தது. எதையாவது அடைந்தே தீர வேண்டும் என்று நம்மை எழுப்பி ஓட வைக்கிற அமைப்பு அது. ஆகவே அது வெறும் உணர்ச்சி இல்லை, ஓர் உந்துதல் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். "அதை நினைக்காதே" என்று சொன்னால் நிற்காமல் போவது இதனால்தான். சாப்பிடாதே என்று சொல்லிவிடலாம், பசிக்காதே என்று சொல்ல முடியாது.

கோடையும் பிரிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. பாலைத் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். அந்தத் திணைக்குரிய உரிப்பொருள் பிரிவு. ஒருதலையாக நிற்கும் காதலுக்கும் கைக்கிளை என்று ஒரு திணையை ஒதுக்கி வைத்தார்கள். மே மாத நண்பகலில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கும் பிள்ளைக்கு அந்த இலக்கணத்தில் இடம் இருக்கிறது. வீட்டில்தான் இடம் கிடைப்பதில்லை.

அடுத்தது பாத்திரம். பொங்குவது தப்பில்லை, பாத்திரம் போதாமல் போவதால்தான் வழிகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் அந்தப் பாத்திரம். நிதானித்தல், நாளைக்கு என்ன ஆகும் என்று பார்த்தல், கையை மடக்கிக்கொள்ளுதல் எல்லாம் அதன் பொறுப்பு. அது முழுமையாக முதிர இருபது வயது தாண்டிச் சில வருஷம் ஆகும். நுண்ணுயிரோ பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. அதனால் பதினேழு வயதில் மாவு நிறைய, பாத்திரம் சிறிசு.

"கால்குலஸ் போடத் தெரியுது, இது தெரியாதா?" என்று அப்பாக்கள் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானது; அதற்கு விடையும் இருக்கிறது. பதின்வயதினரைப் பல காலமாக ஆராய்ந்துவரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய குழுவும் கண்டது இது: அவசரமில்லாமல், தனியாக உட்கார்ந்து யோசிக்கிற யோசனையில் பதினாறு வயதுக்காரர்கள் பெரியவர்களுக்குச் சமமாக வந்துவிடுகிறார்கள். உணர்ச்சி கொதிக்கும்போது, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவில்தான் அந்தச் சமநிலை வர இன்னும் சில வருஷம் பிடிக்கிறது. அதனால் காலை பத்து மணிக்குக் கட்ஆஃப் கணக்கைத் தெளிவாகப் போடுகிற அதே பெண், இரவு ஒரு மணிக்கு, அனுப்பக் கூடாத நீளத்தில் ஒரு மெசேஜை அனுப்பிவிடுகிறாள். இரண்டும் அவள்தான், நேரம்தான் வேறு.

வழியும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்தரங்கமான படம் கேட்பதும் கூடாது, அனுப்புவதும் கூடாது. 18 வயது நிறையாத எல்லோரையும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குழந்தைகளாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இதைப் பிள்ளைகளிடம் முகத்துக்கு நேராக, திட்டாமல் சொல்லிவிடுவது நல்லது.

கடைசிப் படி புளிப்பு. பதில் வராமலே போகலாம். "நான் உன்னை அப்படி நினைக்கலை" என்று வரலாம். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தும் ஒருத்தி கோயம்புத்தூருக்கும் ஒருத்தன் திருநெல்வேலிக்கும் போக நேரலாம். அப்போது நெஞ்சு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். 2011-இல் ஈதன் கிராஸும் உடன் ஆய்வாளர்களும், காதல் முறிந்து வேதனையில் இருந்த 40 பேரைச் சோதித்தார்கள். பிரிந்தவரின் படத்தைப் பார்த்தபோது, கையில் சூடு வைத்தால் உடல்வலியை உணர்கிற மூளைப் பகுதிகளில் சிலவும் சேர்ந்து இயங்கின. "இதெல்லாம் ஒரு கஷ்டமா? நாங்க படாததா?" என்ற வார்த்தை அந்த நேரத்தில் அடிபட்ட இடத்திலேயே அடிப்பது.

புளித்த மாவு கெட்ட மாவு ஆகாது. ஆனால் கெட்டுப்போவதும் உண்டு. பல நாளாகச் சாப்பாடு இல்லை, யாரோடும் பேச்சில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அதைக் காதல் சோகம் என்று தள்ளிவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும் தமிழில் பேசலாம்.

இனி, மாவை எப்படி வைப்பது? முதலில் மூடி. இறுக்கி மூடிக் கல்லைத் தூக்கி வைத்தால் வாயு எங்கே போகும்? போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவதும் அதுதான். மேலே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். போன் கையில் இருந்தபோது பதில் வந்ததா இல்லையா என்றாவது தெரிந்தது. பூட்டிய பிறகு அதுவும் தெரியாது. சூட்டைக் குறைப்பதாக நினைத்து அடுப்புக்குப் பக்கத்திலேயே குண்டானை நகர்த்தி வைக்கிறோம். வீட்டாரின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாததில்லை. அதில் பெரும்பங்கு சாதி. காதலித்ததற்காகவே பிள்ளைகள் கொல்லப்பட்ட மாநிலம் இது. அந்தப் பயத்தைப் பிள்ளையின் மேல் கோபமாகக் காட்டுவதற்கு முன்னால், பயப்பட வேண்டியது பிள்ளையைப் பார்த்தா, அந்தக் கொலைகளைச் செய்யும் மனங்களைப் பார்த்தா என்று பெரியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், பாத்திரத்தின் மேல்பாதியில் இடம் விட வேண்டும். மே மாதத்தில் அரைக் குண்டானுக்கு மேல் யாரும் ஊற்றுவதில்லை. மனதில் அந்தக் காலி இடம் என்பது, சொல்லிக்கொள்ள ஓர் ஆள். சங்கப் பாடல்களில் தலைவியின் நிலை தோழிக்குத் தெரியும். தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்குச் சொல்வாள், அதன் பிறகே தந்தைக்குப் போகும். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயர். நேராக அப்பாவிடம் போய் நிற்கிற பாரம் பெண்ணுக்கு இல்லை. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு சித்தி இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் அக்கா இருக்கலாம், புத்தகம் இரவல் தரும் மாமா இருக்கலாம். "யாரு அந்தப் பையன்?" என்று ஆரம்பித்தால் வாய் மூடிக்கொள்ளும். "ஸ்கூல் முடிஞ்சது ஒரு மாதிரி இருக்கா கண்ணு?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுவாள். அந்தக் கரைசலில் பாதி அதுதான் என்பதால் அவள் மழுப்புவதாக நினைக்க வேண்டாம். மீதி தானாக வரும்.

மூன்றாவது, குண்டானைக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது. வெயில் காலத்தில் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் மாவுக் குண்டானை வைப்பார்கள். இங்கே தண்ணீர் என்பது நிச்சயம். காலையில் எழுந்தால் போக வேண்டிய ஓர் இடம்: டைப்ரைட்டிங் வகுப்போ, நீச்சலோ, பெரியப்பா கடையில் கல்லாவோ. அந்த ஒருவரோடு பேசுவது என்றாலும் நிச்சயம் உதவும். நாள் முழுக்க எப்போது வரும் என்று போனைப் பார்ப்பதற்குப் பதில், "சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசலாம், அதுக்கு அப்புறம் வேண்டாம்" என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டால், மற்ற மணி நேரங்களில் அந்தத் துடிப்புக்கு வேலை குறைந்துவிடும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். கல்லூரி திறப்பதுதான் ஃபிரிட்ஜ். குளிர் நுண்ணுயிரைக் கொல்வதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. புது ஊர், விடுதிச் சாப்பாடு, அசைன்மென்ட், தெரியாத முகங்கள். நேரம் மறுபடி நிரம்பிவிடும். அங்கேயும் புதிதாக ஊற ஆரம்பிக்கும். சிலருக்குப் பழைய பிரியம் முதல் செமஸ்டரிலேயே அடங்கிவிடுகிறது. சிலருக்கு மெதுவாக, வழியாமல், வருஷக்கணக்காக இருந்து கல்யாணத்தில் போய் நிற்கிறது. எது எப்படி ஆகும் என்று மே மாதத்தில் சொல்ல முடியாது. அதனால் மே மாதத்தில் முடிவு எடுக்காமல் இருப்பது உத்தமம்.

ஆனால் முடிவு எடுத்தே ஆக வேண்டிய ஒன்று அதே கோடைக்குள் வந்து நிற்கிறது: கல்லூரித் தேர்வு. இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. விருப்பக் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ரேங்குக்கும் அந்த வரிசைக்கும் ஏற்பத்தான் இடம். அவன் எந்தக் கல்லூரியை முதலில் போட்டிருக்கிறான் என்று கேட்டு அதையே முதலில் போடத் தோன்றும். அவன் இருக்கும் ஊரே வேண்டாம் என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளவும் தோன்றும். இரண்டும் வழிசல்தான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒன்றில் அந்த ஒருவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்; மற்றொன்றில் அப்படி ஒருவரே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பகலில், போனைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். முதல் ஐந்து இடமும் ஒன்றாக இருந்தால் எதைப் போட்டாலும் பாதகமில்லை. வேறு வேறாக இருந்தால் எந்தக் கல்லூரி எதனால் மேலே ஏறியது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். கடைசித் தேதி வரைக்கும் வரிசையை மாற்றிக்கொள்ள இடம் உண்டு. ராத்திரியில் மாற்றியதைக் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு லாக் செய்தால் போதும்.